மறுபடி வரவில்லை

அன்புள்ள சரவணா,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தபோது நான் உனக்குச் சொன்ன பதில் தவறு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் இருபது நிமிஷம். நேரில் வந்தே சொல்லலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, கல்யாணப் பத்திரிகையில் பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். பதினைந்து வருஷமாக அப்படித்தான் தாவிக்கொண்டிருக்கிறேன். எழுத்தில் அந்த வசதி இல்லை. உன் பெயருக்கு எழுதினாலும் இது உனக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நாம் இருவரும் உட்கார்ந்த மாதிரி நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கிற யாரும் படிக்கட்டும். அதனால் இதில் வருகிற மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என்னுடைய பங்கில் எதையும் மாற்றவில்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். வயதானவர்களுக்கு மாத்திரை வேளையை நினைவூட்டுகிற ஒரு ஆப்பை நீ சோதித்துக்கொண்டிருக்கிறாய். போன வாரம் ஒரே ஒரு தடவை, காலை எட்டு மணிக்கு அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. "நாப்பது தடவை பாத்துட்டேம்மா, அந்தத் தப்பு மறுபடி வரவே இல்ல. வெள்ளிக்கிழமை ரிலீஸ். தப்புன்னு பதிஞ்சு வெச்சிருக்கேன், அதை க்ளோஸ் பண்ணுங்கிறார் மேனேஜர். மெஷினே டெஸ்ட் பண்ணி பாஸ்னு சொல்லிடுச்சு, நீ என்ன புதுசா சொல்றேன்னு கேக்கறார். ஆள் குறைக்கற பேச்சு வேற ஓடிட்டிருக்கு" என்றாய். அதற்கப்புறம் இன்னொன்றும் கேட்டாய். "எதுக்கும்மா இந்த வேலை? கண்டுபிடிச்சா அவங்களுக்குக் கோவம். கண்டுபிடிக்கலைன்னா நமக்குத் திட்டு. இருபத்திரண்டு வருஷம் நீ எப்படி இருந்தே? எது உன்னைத் தினம் இழுத்துட்டுப் போச்சு?" நான் என்ன சொன்னேன்? "எல்லாரும் பண்றதுதான்ப்பா, க்ளோஸ் பண்ணிடு. தை மாசம் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு எதுக்கு வம்பு? போகப்போகப் பழகிடும்." நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். நீ சின்ன வயதிலிருந்தே என்னை எதிர்த்துப் பேசாத பிள்ளை. அந்த "சரிம்மா" இரண்டு நாளாக என்னைச் சாப்பிடவிடவில்லை.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. உனக்கு மூன்று வயது ஆனபோது தி. நகரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடினேன். ஆழ்வார்பேட்டையில் கீழே துணிக்கடை, மேலே இரண்டு மாடியில் கம்பெனி. புரோகிராம் எழுதும் வேலைக்குத்தான் விண்ணப்பித்தேன். அது நிரம்பிவிட்டது, டெஸ்டிங்கில் ஒரு இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்றார்கள். மற்றவர்கள் எழுதியதில் தப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற வேலை. வந்த முதல் வாரம், ஒரு படிவத்தில் பிறந்த தேதிக்கான கட்டத்தில் பிப்ரவரி முப்பது என்று போட்டேன். அது நல்ல பிள்ளை போல வாங்கிக்கொண்டது. அத்தனை படித்தவர்கள் சேர்ந்து செய்ததில், வீட்டில் குழம்பு வைத்துக்கொண்டிருந்த நான் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன். உன்னைத் தூக்கிச் சுற்றினேன். நீ பயந்து அழுதாய். ஆரம்பத்தில் என்னை இழுத்துக்கொண்டு போனது அதுதான், வேறொன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தப்பை முதலில் பார்த்தவள் நான் என்கிற சுகம்.

அந்தச் சுகம் வீட்டுக்கும் என் பின்னாலேயே வந்துவிட்டது. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பள்ளியில் பேச்சுப் போட்டி. மேடையில் ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டு, கைத்தட்டல் முடிவதற்குள் கீழே இறங்கி என்னிடம் ஓடி வந்தாய். உன் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாய். "மூணு இடத்துல தடுக்கினே. ரெண்டாவது இடத்துல ஒரு வரியே விட்டுப் போச்சு" என்றேன். அப்பா என்னை முறைத்தார். நீ தலையை ஆட்டினாய். அடுத்த வருஷம் நீ பெயர் கொடுக்கவில்லை, அதற்கு அடுத்த வருஷமும் கொடுக்கவில்லை. நான் கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாய். நீ படித்து முடித்து இதே வேலையில் சேர்ந்தபோது ஏன்டா என்று கேட்டேன். "உனக்குப் பிடிச்ச வேலையாச்சே" என்றாய். அந்தப் பதிலில் எனக்குப் பெருமையைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. என்னைத் திருப்திப்படுத்துவதற்காகவே இதற்குள் வந்தாயோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

பிழை காண்பதில் இருந்த சுகம் ஏழெட்டு வருஷத்தில் தேய்ந்துபோனது. ஆபீஸில் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. நான் ஒரு மேஜை பக்கம் போனால், உட்கார்ந்திருக்கிறவர் தோள் இறுகும். "குறை அக்கா வர்றாங்க" என்று யாரோ சொல்வது காதில் விழும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாகப் போவார்கள், என்னைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். இதெல்லாம் பெரிய துக்கமா என்று நீ நினைக்கலாம். தினம் ஒன்பது மணி நேரம் ஒரு இடத்தில் இருக்கிறவளுக்கு அது பெரிய துக்கம்தான். எனக்குத் தெரியாமலே என் ஆசை மாறிக்கொண்டிருந்தது. தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைவிட, இவர்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்பது பெரிதாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்காக ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். யாருக்கு என்ன அளவு என்பதைப் பதிந்துவைத்து, கேட்கும்போது ரிப்போர்ட்டாக அச்சடித்துக் கொடுக்கும். ஒரு திங்கட்கிழமை, வெளியே நல்ல மழை. திரையில் ஒருவர் பெயரைத் தட்டினேன், அது வருவதற்குள் அடுத்தவர் பெயரையும் தட்டிவிட்டேன். வந்த ரிப்போர்ட்டில் பெயர் இரண்டாவது ஆளுடையது, எண்கள் முதல் ஆளுடையவை. மறுபடி தட்டினேன், சரியாக வந்தது. நூறு தடவை தட்டியிருப்பேன், ஒரு முறைகூட மாறவில்லை. இருந்தாலும் எழுதிப் பதிந்தேன். அதை எழுதிய பையன் முரளி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "என் மெஷின்ல வரவே இல்லக்கா. கண்ணாடி மாத்துங்க." டீம் லீட் ரகுநாதன் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். "மேடம், ஒரே ஒரு தடவை வந்ததுக்காக ரிலீஸை நிறுத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க."

நான்கு நாள் அதை மூடாமல் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிலீஸுக்காகக் கேக் வாங்கி வந்திருந்தார்கள். எல்லோரும் நடு அறையில் கூடியிருந்தார்கள். முரளி என் மேஜைக்கு வந்தான். "அக்கா, உங்களுக்காகத்தான் எல்லாரும் வெயிட் பண்றாங்க. அந்த ஒண்ணை மூடிட்டு வாங்களேன், கேக் வெட்டலாம்" என்றான். கிண்டல் இல்லை, உண்மையாகவே கூப்பிட்டான். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் எனக்காக யாரோ காத்திருந்தார்கள். நான் அந்தப் பதிவைத் திறந்து, "மறுபடி வரவில்லை" என்று எழுதி மூடினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. வேலை போகும் என்று யாரும் மிரட்டவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று ஒரு துண்டு கேக் சாப்பிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

பத்து மாதம் கழித்து அடுத்த மழைக்காலத்தில் ஒரு பரிசோதனை நிலையத்திலிருந்து புகார் வந்தது. மல்லிகா என்கிற பெண்ணுக்கு மூன்று மாதம் முன்னால் கொடுத்த ரிப்போர்ட்டில் சிறுநீரக அளவு நன்றாக இருப்பதாக அச்சாகியிருக்கிறது. உள்ளே பதிவாகியிருக்கும் அளவோ ரொம்பவும் மோசம். இரண்டும் எப்படி வேறாக இருக்க முடியும் என்று கேட்டிருந்தார்கள். படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் மழை, இன்டர்நெட் லைன் தேங்கித் தேங்கி வந்தது. ஒரு பெயர், உடனே இன்னொரு பெயர் என்று தட்டினேன். மூன்றாவது தடவையில் பெயர் மட்டும் மாறியது, எண்கள் முதல் ஆளுடையவையாகவே நின்றன. லைன் வேகமாக இருந்தால் இந்தத் தப்பு வராது. மெதுவாக இருந்தால் மட்டும்தான் வரும். மழை பெய்த அந்தத் திங்கட்கிழமைக்கும் மற்ற நாட்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை.

என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. மூடியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததை ரகுநாதன் பார்த்தார், பார்க்காத மாதிரி கீழே நகர்த்தினார். இரண்டே நாளில் சரிசெய்து எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில், காரணத்தை வேகமாகக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஒரு விருது கொடுத்தார்கள். என் பெயர் பொறித்த கண்ணாடிக் கேடயம். அப்பா அதை ஷோகேஸில் நடுவாக வைத்தார். நீ ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய், உன் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினாய். வேண்டாம், உள்ளே வையுங்கள் என்று நான் சொன்னதை அப்பா என் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். நேற்றுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "இத்தனை வருஷமா தனியாவா வெச்சிருந்தே?" என்றார்.

புகாரோடு வந்த தாளில் அந்தப் பெண்ணின் விலாசம் இருந்தது. வேலையில் கண்ணில் பட்ட ஒருவரின் விலாசத்தைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது. எடுத்தேன். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன்னைக் கணக்கு டியூஷனில் விட்டுவிட்டு அங்கே போனேன். வீடுகள் இருந்த இடத்தில் இடிபாடுதான் கிடந்தது. பக்கத்தில் இட்லி விற்றுக்கொண்டிருந்த அம்மா, "அவங்கள்லாம் பெரும்பாக்கம் கவுர்மெண்டு வூட்டுக்குப் போய்ட்டாங்கம்மா, லாரில ஏத்திக்கினு போனாங்க" என்று சொல்லி, எந்தக் கட்டடம் என்று அடையாளமும் சொன்னார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் அவள் கணவர் ஏழுமலை. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். "இன்னா மேடம், யார் வேணும்?" என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது பொய். "டெஸ்ட் எடுத்த இடத்துலேர்ந்து வர்றேன். அவங்க எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கச் சொன்னாங்க."

மல்லிகா பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கலாம். முகம் உப்பியிருந்தது. அடையாறில் இரண்டு வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது வாரம் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து எல்லாவற்றையும் அவளே சொன்னாள். "காலு வீங்கிக்கினே இருந்துச்சு மேடம். வேல செய்ற வூட்டம்மா டெஸ்ட்டு எடுன்னாங்க. எட்த்தோம். காயிதத்துல எல்லாம் நல்லா கீதுன்னு வந்துச்சு. அன்னிக்கு இவரு என்னையும் புள்ளைங்களையும் வடபழனி கோயிலுக்கு இட்டுக்கினு போனாரு. தேங்கா ஒட்ச்சிட்டு, ஓட்டல்ல துன்னுட்டு வந்தோம். அப்பால காலு வலிக்கு நானே மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் துன்னேன், மூணு மாசம், தெனமும். அந்த மாத்திரையாலதான் கிட்னி மொத்தமா போச்சுன்னு டாக்டரு திட்டறாரு. நானே கெட்த்துக்கினேன் மேடம்." பரிசோதனை நிலையத்தில் அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை, புதிதாக ரத்தம் எடுத்து, புது ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உலகத்திலேயே அவளிடம் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆளான நான் அந்த நேரத்தில் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சொன்னால் கம்பெனிக்குக் கெட்ட பெயர், போலீஸ், கோர்ட் என்று போகும், உன் படிப்பு கெடும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பிறகு தேடிப் பிடித்த காரணங்கள். அந்த நிமிஷத்தில் இருந்தது ஒன்றுதான். அவள் என்னை "மேடம், இன்னொரு வாய் குடிங்க" என்று உபசரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆபீஸில் கேக்குக்கு ஆசைப்பட்டவள்தான் அங்கேயும் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் பிடித்தவளாகவே இருந்துவிட வேண்டும் என்று.

அடுத்த ஞாயிறு, அடுத்த மாதம், உன் பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்று பதினொரு மாதம் போனது. ஒருநாள் தாங்க முடியாமல் மறுபடி போனேன். கதவைத் திறந்த ஏழுமலைக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அவ போயி நாலு மாசம் ஆவுது மேடம்" என்றார். உள்ளே பிள்ளைகள் இருந்ததால் படிக்கட்டுக்கு வரச் சொல்லி, அங்கே நின்றுகொண்டே சொன்னேன். திங்கட்கிழமை மழையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். அவர் முழங்கையில் காய்ந்த வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ அந்தக் காயிதம் அவளுது இல்லியா?"

"இல்லைங்க. பேர் மட்டும்தான் அவங்களது."

"போன தபா வந்தீங்களே, டீ குட்ச்சிட்டுப் போனீங்களே. அப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "கட்சி வரிக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தா மேடம். நானே மாத்திரை துன்னு கெட்த்துக்கினேன், புள்ளைங்கள உட்டுட்டுப் போறேன்னு. நானும் கோவத்துல திட்டிக்கீறேன், உன்னாலதான்டின்னு. நீங்க அன்னிக்கே சொல்லி இருந்தீங்கன்னா, தன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சிக்கினாவது போயிருப்பா. நானும் அவள திட்டாம இருந்திருப்பேன். இப்ப வந்து எனக்குச் சொல்லி இன்னா ஆவப் போவுது?" நான் கை கூப்பினேன் என்று நினைக்கிறேன், சரியாக ஞாபகம் இல்லை. புகார் கொடுப்பதானால் எழுதிக் கொடுக்கிறேன், சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். "கெளம்புங்க மேடம். அஞ்சு மணிக்கு மேல பஸ்ல நிக்க எடம் இருக்காது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். என்னை மன்னித்தார் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. அவர் மன்னிக்கவில்லை. நானும் அதைக் கேட்கப் போகவில்லை. சீக்கிரமே தெரிய வந்திருந்தால் மல்லிகா பிழைத்திருப்பாளா என்று பின்னால் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த "சொல்ல முடியாது" ஆறுதலும் இல்லை, தண்டனையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போய், அதுவரை என் கையால் "மறுபடி வரவில்லை" என்று எழுதி மூடியவற்றையெல்லாம் தேடி எடுத்தேன். நூற்றுச் சொச்சம் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். லைனை மெதுவாக்கிப் பார்த்தேன், தேதியை மாற்றிப் பார்த்தேன், இரண்டு பேரை ஒரே நேரத்தில் தட்டச் சொல்லிப் பார்த்தேன். முரளி என்னோடு பேசுவதை நிறுத்தினான். ரகுநாதன் கூப்பிட்டு, "மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லையா? லீவு எடுத்துக்கங்க" என்றார். அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நூற்றுச் சொச்சத்தில் மூன்று உண்மையாக இருந்தன. அதில் ஒன்று, நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைச் சில சமயம் திரையில் காட்டாமல் விட்டது. அதைச் சரிசெய்தார்கள். அதனால் யாராவது பிழைத்திருக்கலாம், யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. எங்கேயோ சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இந்த வேலையில் நாம் கைவிட்டவர்களின் முகம்தான் நமக்குத் தெரியவரும், காப்பாற்றியவர்களின் முகம் தெரியவே தெரியாது. அப்புறம் பன்னிரண்டு வருஷம் என்னைத் தினம் இழுத்துக்கொண்டு போனது எது என்று கேட்டாயே, அது ஒரு பெண் பாயில் சாய்ந்து உட்கார்ந்து, தன் மேல்தான் தப்பு என்று என்னிடம் சொன்ன குரல். வேலை பிடித்து நான் போகவில்லை. போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் அந்தக் குரல் இன்னும் பலமாகக் கேட்டது. கடைசி வருஷம் ஆள் குறைத்தபோது என் பெயர்தான் முதலில் இருந்தது, அதுவும் உனக்குத் தெரிய வேண்டும். உன் ஆபீஸில் ஓடுகிற பேச்சும் சும்மா இல்லை. அது நடக்கும்.

இவ்வளவையும் பார்த்தவள் செவ்வாய்க்கிழமை உன்னிடம் க்ளோஸ் பண்ணிவிடு என்று சொன்னேன். பெண் வீட்டில் என்ன நினைப்பார்களோ, தை மாதம் நெருங்குகிறதே, என் பிள்ளை நாலு பேர் முன்னால் வேலை இல்லாதவனாக நிற்கக் கூடாதே என்று பயந்துவிட்டேன். தாய்ப்பாசம் என்று பெயர் வைத்தால் அழகாக இருக்கும். எனக்கு அந்தப் பழைய கோழைத்தனம்தான் தெரிகிறது. உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று என்னால் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் பெண் வீட்டுக்குப் போகிறோம். நிலைமை இப்படி என்று அவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். அவர்கள் முகம் மாறினால் மாறட்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

நீ என் பேச்சைக் கேட்கிற பிள்ளை, செவ்வாய்க்கிழமையே அதை மூடியிருப்பாய். இன்றைக்கு வியாழக்கிழமை, ரிலீஸ் நாளைக்கு; இதை இப்போதே அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். மறுபடி பார்த்து ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். கிடைக்கவில்லை என்றாலும் மூடாமல் வை, ஒரு தடவை மணி அடிக்கவில்லை என்று உன் பெயர் போட்டு எழுதி வை. நான் போய்ச் சேர்ந்தபோது மல்லிகா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. உன்னுடையது மூடி இரண்டு நாள்தான் ஆகிறது. அந்த ஆப்பை இன்னும் யார் கையிலும் கொடுக்கவில்லை. எழுந்து போய் அதைத் திற.

அம்மா